ஆங்கிலக் காரண விளைவு வினையடைகள்

ஆங்கிலக் காரண விளைவு வினையடைகள் என்பன, முன் கூறப்பட்ட செய்தி காரணம் என்றும், அடுத்து வருவது அதன் விளைவு அல்லது முடிவு என்றும் காட்டும் ஆங்கிலச் சொற்கள் ஆகும். தேர்ஃபோர், ஹென்ஸ், தஸ், கான்சிக்வென்ட்லி, அக்கார்டிங்லி ஆகியன இவற்றுள் முதன்மையானவை. ஆய்வுக் கட்டுரை, சட்ட ஆவணம், தொழில்நுட்ப அறிக்கை போன்றவற்றில் இவை மிகுதியாக வருகின்றன. பேச்சு வழக்கில் பெரும்பாலும் ஸோ என்னும் சொல்லே பயன்படுகிறது. தமிழில் எனவே, ஆகையால், ஆதலால் ஆகிய சொற்கள் இப்பணியைச் செய்கின்றன.

சொற்களும் பொருள் வேறுபாடும்

* தேர்ஃபோர் - தருக்க முறையில் பெறப்படும் முடிவைக் குறிக்கும். கணிதத்தில் இச்சொல்லுக்குப் பதிலாக முக்கோண வடிவில் மூன்று புள்ளிகள் (∴) இடப்படுகின்றன. இக்குறியீடு, சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் யொகான் ரான் 1659 இல் வெளியிட்ட இயற்கணித நூலில் காணப்படுகிறது.
* ஹென்ஸ் - "இங்கிருந்து" என்பது இதன் பழைய பொருள். வினைச்சொல் இன்றிப் பெயர்ச்சொல்லுடன் மட்டும் வரக்கூடியது. "அதனாலேயே இப்பெயர்" என்பது போன்ற தொடர்களில் இது வரும்.
* தஸ் - "இவ்வாறு" எனவும், "எனவே" எனவும் இரு பொருள் தரும்.
* கான்சிக்வென்ட்லி - ஒரு நிகழ்வின் நேரடி விளைவைக் குறிக்கும்.
* அக்கார்டிங்லி - நிலைமைக்கு ஏற்ப எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் குறிக்கும். எ-கா: விண்ணப்பம் காலங்கடந்து வந்தது, அக்கார்டிங்லி, அது நிராகரிக்கப்பட்டது.

நிறுத்தக்குறிகள்

இவை வினையடைகளே அன்றி இணைப்பிடைச்சொற்கள் அல்ல. ஆகவே, இரண்டு முழு வாக்கியங்களுக்கு இடையில் காற்புள்ளி மட்டும் இட்டு இவற்றை எழுதுவது முறைசார் ஆங்கிலத்தில் பிழையாகக் கருதப்படுகிறது. முதல் வாக்கியத்தின் இறுதியில் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இடவேண்டும். ஸோ என்பது இணைப்பிடைச்சொல்லாகவும் வருவதால், அதற்கு முன் காற்புள்ளி போதுமானது.

காரணமும் காலமும்

கான்சிக்வென்ட்லி, சப்சிக்வென்ட்லி ஆகிய இரு சொற்களும் "பின்தொடர்தல்" என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தவை. எனினும் முதலாவது "அதன் விளைவாக" எனவும், இரண்டாவது "அதன் பின்னர்" எனவும் பொருள்படும். "நோயாளிக்கு மருந்து கொடுக்கப்பட்டது, சப்சிக்வென்ட்லி, அவருக்குக் காய்ச்சல் ஏற்பட்டது" எனின், எது முன், எது பின் என்பது மட்டுமே கூறப்படுகிறது. அவ்விடத்தில் கான்சிக்வென்ட்லி என எழுதினால், மருந்தே காய்ச்சலுக்குக் காரணம் என்றாகிவிடும். அதற்குத் தனியே சான்று வேண்டும். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்பதனாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் எனக் கொள்வதை ஏரணம் போலி வாதம் என்கிறது. எனவே மருத்துவக் குறிப்புகள், விபத்து அறிக்கைகள் போன்றவற்றில் இவ்விரு சொற்களை மாற்றி எழுதுவது நடைப் பிழை மட்டுமன்று, பொருட் பிழையும் ஆகும்.