கதிரையும் உளியும்



ஒரு சின்னச் சம்பவத்தோடு தொடங்குகிறேன். அண்மையில் ஷார்ஜாவில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். ஆட்கள் கூடிவிட்டார்கள், இருக்க இடம் போதவில்லை. "தம்பி, உள்ளுக்குப் போய் இரண்டு கதிரை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார் வீட்டுக்காரர். மகனுக்குப் பத்து வயது. அவனோடு நின்ற தமிழ்நாட்டுக் கூட்டாளி சிரித்துவிட்டான். "கதிரையா? நாற்காலின்னு சொல்லுடா, அதுதான் தமிழ்" என்றான். விருந்து முடிந்து ஆட்கள் போன பிறகு மகன் தகப்பனிடம் கேட்டானாம்: "அப்பா, நாங்கள் கதைக்கிறது தமிழ் இல்லையா?"

இந்தக் கேள்வி எங்கள் வீடுகள் பலவற்றில் எழும்பியிருக்கும். பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். அதற்கு நானூறு ஆண்டுகள் பின்னுக்குப் போகவேண்டும்.

கூட்டாளி சொன்னதில் பாதி சரி. நாற்காலி தமிழ்ச்சொல், நான்கு கால் உள்ளது நாற்காலி. கதிரை போர்த்துக்கேயச் சொல். அவர்களுடைய 'கதெய்ரா' எங்கள் நாவில் கதிரையானது. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, 1658 வரை ஆண்டார்கள். அதே காலத்தில் இந்த வளைகுடாவிலும் அவர்கள்தான் கோட்டை கட்டி இருந்தார்கள். 1507 இல் பிடித்த மஸ்கற்றை 1650 இல்தான் இழந்தார்கள். மஸ்கற் துறைமுகத்தின் இரு பக்கமும் நிற்கும் ஜலாலி, மிராணி கோட்டைகளைப் பார்த்தவர்கள், அந்தக் கைகளே எங்கள் ஊரிலும் ஆட்சி செய்தன என்று நினைத்துக்கொள்ளலாம்.

அவர்களோடு வந்த மரச்சாமான்கள் பெயரோடேயே வந்தன. 'மேசா' மேசையானது. 'பாங்கு' வாங்கானது. 'அர்மாரியு' அலுமாரியானது. 'ஜனேலா' யன்னலானது. பின்னர் வந்த ஒல்லாந்தர் மேசைக்கு லாச்சி பூட்டினார்கள்; அது அவர்களுடைய 'லாட்யே'. இஸ்குறுப்பும் அவர்கள் தந்ததே. சிங்களத்திலும் இவை மேசய, அல்மாரிய, ஜனேலய, லாச்சுவ என்றே வழங்குகின்றன. சண்டை பிடித்த இரண்டு வீடுகளுக்குள்ளும் ஒரே மேசைதான் கிடந்தது!

சரி, தமிழ்நாட்டுக் கூட்டாளியின் வீட்டுக்குப் போவோம். அங்கே மேசை இருக்கிறது, அலமாரி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. மூன்றும் அதே போர்த்துக்கேயம். கதவைப் பூட்ட அவர்கள் தேடுவது சாவி. அதுவும் போர்த்துக்கேயரின் 'ஷாவே'. நாங்களோ அதைத் திறப்பு என்கிறோம். திறப்பது திறப்பு; கலப்பில்லாத தமிழ். அவன் வீட்டில் நாற்காலி தமிழ், சாவி போர்த்துக்கேயம். எங்கள் வீட்டில் திறப்பு தமிழ், கதிரை போர்த்துக்கேயம். ஆளுக்கு ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

அப்படியென்றால் போர்த்துக்கேயர் வருமுன் எங்களிடம் மரவேலை இல்லையா? இங்கேதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது. பொருட்களின் பெயரை விட்டுவிட்டு, அவற்றைச் செய்த தச்சரின் கருவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உளி, வாள், அரம், சுத்தியல், துளைபோடத் துறப்பணம், மரத்தை இழைக்க இழைப்புளி, உளியின் தலையில் அடிக்கக் கொட்டாப்புளி. இவற்றில் ஒரு சொல்கூடப் போர்த்துக்கேயக் கப்பலில் வந்து இறங்கியதில்லை. அந்நியர் கேட்ட சாமான் புதிது. அதைச் செய்த கையும் கருவியும் எங்களுடையவை.

மரத்தை மரத்தோடு சேர்க்கும் பொருத்துகளுக்கும் அப்படியே. ஒரு சட்டத்தின் நுனியைச் செதுக்கிக் கழுந்தாக்குவார்கள். மற்றச் சட்டத்தில் அதே அளவுக்குத் துளை வெட்டுவார்கள். கழுந்தைத் துளைக்குள் இறுக்கி, குறுக்கே ஒரு மர ஆணி அறைந்தால், கதவு நிலை தலைமுறைக்கு நிற்கும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் இரும்பாணி துருப்பிடிக்கும். மர ஆணிக்கு அந்தக் கவலை இல்லை. மரம் ஊதிச் சுருங்கும்போது அதுவும் சேர்ந்து ஊதிச் சுருங்கும். பெட்டியின் மூலையில் பலகைகளைப் பல்லுப்பல்லாகக் கோர்ப்பார்கள்.

இந்தக் கைத்தொழில் எவ்வளவு பழையது? புறநானூற்றில் ஔவையார் அதியமானின் வலிமையைச் சொல்லும்போது, ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் மெனக்கெட்டுச் செய்த ஒற்றைச் சக்கரத்தை உவமையாக்குகிறார். அந்தக் கை பிறகும் ஓயவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

தச்சுப் பட்டறைச் சொற்கள் எங்கள் பேச்சுக்குள்ளும் ஊறிக் கிடக்கின்றன. மனதில் பதிந்தால் பசுமரத்தாணி. தேவையில்லாமல் தலையிட்டு மாட்டிக்கொண்டால் ஆப்பிழுத்த குரங்கு. கலியாணம் பேசினால் முதலில் பார்ப்பது பொருத்தம். போர்த்துக்கேயர் தந்த கதிரைக்கும் பேச்சில் ஒரு இடம் கிடைத்தது: அரசியல்வாதிகள் கதிரைக்கு அடிபடுகிறார்கள்!

சொல் வாங்குவது அவமானமில்லை, நாங்களும் கொடுத்திருக்கிறோம். பெரிய மரம் வளராத இந்த வளைகுடாவுக்கு மலபாரிலிருந்து கப்பல் கப்பலாகத் தேக்கு வந்தது. மரக்கலங்களுக்கும் வீட்டுக் கதவுகளுக்கும் அதுவே மரம். அரபிகள் அதை ஸாஜ் என்றார்கள். போர்த்துக்கேயர் தேக்கு என்ற சொல்லையே 'தேக்கா' என்று எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயரின் 'டீக்' அதிலிருந்து வந்தது. மரங்களைக் கயிற்றால் கட்டிச் சேர்த்த எங்கள் கட்டுமரம் 'கற்றமறான்' என்ற பெயரில் உலகக் கடலெல்லாம் ஓடுகிறது. எமிரேட்ஸ் மக்கள் உடுப்பு அலுமாரியைக் 'கபத்' என்பது ஆங்கிலத்திலிருந்து வந்தது. யன்னலைத் 'தரீஷா' என்பது பாரசீகத்திலிருந்து வந்தது. அதனால் தங்கள் அரபு அரபு இல்லை என்று அவர்கள் வெட்கப்படுவதில்லை.

நேயர்களே, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும் மரச்சாமான் எதையும் கொண்டுபோக முடியவில்லை. வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார்கள். திரும்பிப் போனவர்களில் பலர் கண்டது கதவும் யன்னலும் நிலையோடு பெயர்க்கப்பட்ட வீடு. திறப்பு இருந்தது, திறக்கக் கதவில்லை. ஆனால் அந்த வீட்டில் புழங்கிய சொற்களை எவரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. அவை எங்களோடுதான் வந்தன. நாங்களாகக் கைவிட்டால்தான் அவை போகும்.

ஆகவே அந்தத் தம்பிக்கு என் பதில் இது: நீ கதைக்கிறது தமிழ்தான். கதிரை என்று தலைநிமிர்ந்து சொல்லு. நாற்காலியையும் பழகு. உன் கூட்டாளிக்குத் திறப்பைப் பழக்கு.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். கதிரையும் மேசையும் தப்பிவிடும். அவை நாளாந்தம் வாயில் வருபவை. கழுந்தும் துறப்பணமும் கொட்டாப்புளியும் அப்படியல்ல. ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது தச்சுவேலை தெரிந்த ஒருவரிடம் இன்னும் நான்கு சொல் கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதிப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.