கொடிக்கம்பமும் நிலவும்: சூப்பர் மரியோ வரிசையில் முடிவுக்குறியின் இடம்

ஒரே பெயரில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக வெளிவரும் ஒரு விளையாட்டு வரிசையை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? நின்டெண்டோவின் சூப்பர் மரியோ வரிசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். எது சிறந்தது என்று தரவரிசைப்படுத்துவது ஒன்று. இருபரிமாணம், முப்பரிமாணம் என்று பிரிப்பது மற்றொன்று. தரவரிசை எழுதியவரின் ரசனையைச் சொல்லுமே தவிர, ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. பரிமாணப் பிரிப்பு கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டை நம்பியிருப்பதால் வசதியானது. ஆனால் 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸையும் 1990இல் வந்த சூப்பர் மரியோ வேர்ல்டையும் அது ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது. இரண்டையும் ஆடியவர்களுக்கு அவை கோரும் கவனம் வெவ்வேறு என்பது தெரியும்.

இக்கட்டுரை வேறோர் அளவுகோலை முன்வைக்கிறது. ஒரு கட்டம் முடிந்தது என்பதை ஆட்டம் ஏதாவது ஒரு பொருளைக்கொண்டு அறிவிக்கிறது. கொடிக்கம்பம், அட்டை, சாவித்துளை, நட்சத்திரம், நிலவு என்று மாறிவந்துள்ள அப்பொருளை முடிவுக்குறி என்று அழைக்கிறேன். அதைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். ஒரு கட்டத்தில் எத்தனை முடிவுக்குறிகள் உள்ளன? ஒன்றை எட்டியதும் ஆட்டம் நம்மை எங்கே அனுப்புகிறது? முடித்த இடத்துக்குத் திரும்பிவர வழி உண்டா? ஆடுபவர் தன் முன் விரியும் இடத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதைத் தீர்மானிப்பவை இக்கேள்விகளின் விடைகளே என்பது என் வாதம். அப்படிப் பார்த்தால் வழக்கமான பெட்டிகள் குலைந்து வேறு உறவுகள் தெரியவரும்.

1. கம்பம்: முடிவே தீர்ப்பு

சிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்த முதல் ஆட்டம் 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் ஃபாமிகாம் கருவிக்கு வெளிவந்தது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் ‘டி.வி. கேம்’ என்று புழங்கிய ஃபாமிகாம் போலிக் கருவிகளிலும் பலர் ஆடியது இதைத்தான். கேசட்டின் கொள்ளளவு 40 கிலோபைட். எட்டு உலகங்கள், உலகுக்கு நான்காக 32 கட்டங்கள். மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் பயன்படுத்தியது பலரும் அறிந்த சிக்கனம். இடத்தைக் கையாள்வதிலும் அதே சிக்கனம் உண்டு. திரை வலப்பக்கம் மட்டுமே நகரும்; கடந்துபோன இடம் போனதுதான்.

கோட்டையல்லாத கட்டங்களின் கடைசியில் கொடிக்கம்பம் நிற்கிறது. எவ்வளவு உயரத்தில் தாவிப் பிடிக்கிறோமோ அதற்கேற்பப் புள்ளி. உச்சியில் பிடித்தால் 5000. மிஞ்சிய நேரமும் புள்ளியாகிறது. கடிகாரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 ஆகிய மூன்றில் ஒன்றாக நின்றால் அத்தனை வாணங்கள் வெடிக்கின்றன. வழியில் என்னென்ன பார்த்தோம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எவ்வளவு விரைவாக, எவ்வளவு உயரத்தில் முடித்தோம் என்பதே கணக்கு. முடிவுக்குறி ஓட்டத்தின் மீது தீர்ப்பு வழங்குகிறது.

இரண்டாம் கட்டத்தின் கூரைக்கு மேலே ஓடி வெளியேறும் குழாயைத் தாண்டினால், 2, 3, 4ஆம் உலகங்களுக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் கிடைக்கின்றன. இந்த ரகசியம் ஒற்றைக் கோடாகச் செல்லும் பாதையைக் குறுக்குகிறது, கிளைக்கச் செய்வதில்லை. 1986இல் ஜப்பானில் வந்த கடினமான இரண்டாம் ஆட்டம் இதையே திருப்பிப் போட்டது: அதன் 3-1ஆம் கட்டத்தில் உள்ள ரகசியக் குழாய் ஆடுபவரை முதல் உலகத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். திசை மாறினாலும் கோடு கோடாகவே இருக்கிறது. ‘டோக்கி டோக்கி பேனிக்’ என்ற வேறோர் ஆட்டத்தை மாற்றியமைத்து 1988இல் அமெரிக்காவில் வெளியிட்ட இரண்டாம் ஆட்டத்தை வரிசையின் ஒட்டாத பிள்ளையாகச் சொல்வது வழக்கம். எதிரியை மிதித்துக் கொல்ல முடியாது, முள்ளங்கி பிடுங்கி எறிய வேண்டும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் பளிங்கு உருண்டையை எடுத்தால் பருந்தின் வாய் திறக்கும், அதற்குள் நுழைந்தால் கட்டம் முடியும் என்ற அமைப்பில் அது முதல் ஆட்டத்தின் நெருங்கிய உறவே.

1988 அக்டோபர் 23 அன்று வந்த மூன்றாம் ஆட்டத்தைப் பலர் பெருந்திருப்பமாகக் கருதுகிறார்கள். உலக வரைபடம், சேமித்துவைத்த பொருள்கள், பறக்கும் வால் என அது கொண்டுவந்தவை ஏராளம். திரையைப் பின்னோக்கியும் நகர்த்த முடிந்தது. ஆயினும் கட்டத்தின் கடைசியில் சுழலும் அட்டை ஒன்றுதான். காளான், பூ, நட்சத்திரம் என்பவற்றில் மூன்று ஒரேவகை அட்டைகள் சேர்ந்தால் முறையே 2, 3, 5 கூடுதல் உயிர்கள். வென்ற கட்டத்தின் மேல் வரைபடத்தில் முத்திரை விழுகிறது. மறுபடி உள்ளே போக முடியாது. எதை ஆடுவது, எதைத் தவிர்ப்பது என்ற தெரிவு வரைபடத்தில் கிடைக்கிறது. கட்டத்துக்குள் போனபின் அது ஒருமுறை கடக்கும் பாதையே.

2. சாவித்துளை: இரண்டாவது முடிவு

உண்மையான விரிசல் இரண்டாண்டு கழித்து விழுந்தது. 1990 நவம்பர் 21 அன்று வந்த சூப்பர் மரியோ வேர்ல்டின் வரைபடத்தில் கட்டங்கள் புள்ளிகளாகத் தெரிகின்றன. மஞ்சள் புள்ளி என்றால் ஒரே வெளியேற்றம். சிவப்பு என்றால் இரண்டு. மேலும் கீழும் நகரும் நாடாவை அறுத்து முடிப்பது ஒரு வழி; எங்கோ மறைந்திருக்கும் சாவியைத் தூக்கிவந்து சாவித்துளையில் சேர்ப்பது இன்னொரு வழி. முடித்த கட்டத்துக்குள் மறுபடி நுழையலாம். ஆடியது எல்லாம் கேசட்டிலேயே பதிவாகிறது. மொத்தம் 96 முடிவுகள். எல்லாம் கண்டுபிடித்தவரின் பதிவுக்கு அருகே ஒரு நட்சத்திரம்.

இந்த மாற்றத்தின் எடையை மாயக்காட்டுப் பகுதியில் காணலாம். அங்கே வழக்கமான முடிவுகளை மட்டும் எட்டிக்கொண்டிருப்பவர் காட்டையே சுற்றிச்சுற்றி வருவார். ஒவ்வொரு கட்டத்தையும் வெல்கிறார். ஆனாலும் எங்கும் போய்ச் சேர்வதில்லை. மறைந்திருக்கும் இரண்டாம் முடிவைத் தேடிப் பிடித்தால்தான் காட்டைவிட்டு வெளியேறலாம். முதல் ஆட்டத்தில் முடிவை எட்டுவதே முன்னேற்றம். இங்கே எந்த முடிவை எட்டினோம் என்பது முன்னேற்றத்திலிருந்து பிரிந்து தனிக் கேள்வியாகிவிடுகிறது. ஓடித் தீர்த்த பாதை, திரும்பிவந்து சோதிக்க வேண்டிய இடமாக மாறுகிறது. இந்த அளவுகோலில் வேர்ல்ட் தனக்கு முந்தைய மூன்றாம் ஆட்டத்தைவிட, தனக்கு ஆறாண்டு பிந்தைய முப்பரிமாண ஆட்டத்துக்கே நெருக்கமானது.

3. நட்சத்திரம்: ஒரே குன்று, பல வேலை

1996 ஜூன் 23 அன்று வந்த சூப்பர் மரியோ 64இல் அரண்மனைச் சுவரிலுள்ள ஓவியங்களுக்குள் தாவிப் பதினைந்து களங்களுக்குச் செல்கிறோம். களத்துக்கு ஏழு நட்சத்திரம், அரண்மனையில் மறைந்திருப்பவை பதினைந்து, ஆக 120. அவற்றில் ஏறக்குறைய எந்த 70 கிடைத்தாலும் கடைசிச் சண்டைக்குப் போகலாம்.

முதல் களமான வெடிகுண்டுப் போர்க்களத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நடுவே ஒரு குன்று. முதல் நட்சத்திரத்துக்காகச் சுற்றுப்பாதையில் உருண்டுவரும் இரும்புக் குண்டுகளைத் தப்பி உச்சிக்கு ஏறி, அங்கே நிற்கும் வெடிகுண்டு அரசனைப் பின்னாலிருந்து தூக்கி மூன்று முறை எறிய வேண்டும். அடுத்ததற்கு அதே பாதையில் ஓர் ஆமையோடு ஓட்டப்பந்தயம், உச்சிதான் எல்லைக்கோடு. பின்னொரு சமயம் பீரங்கிக்குள் புகுந்து வானில் மிதக்கும் தீவுக்குப் பறக்கிறோம். களத்தின் தொடக்கத்தில், சங்கிலியால் முளையில் கட்டியிருக்கும் கறுப்பு உருண்டை ஒன்று குதித்துக் குரைக்கிறது. அதன் முதுகுக்குப் பின்னே கம்பிக் கதவுக்குள் ஒரு நட்சத்திரம் தெரிகிறது. முளையை மூன்று முறை தரையில் அடித்து இறக்கினால், விடுபட்ட உருண்டையே கதவை உடைத்துத் திறந்துவிடும்.

இதே நிலப்பரப்பு முதல் வருகையில் போர்க்களம், இரண்டாவதில் ஓடுதளம், பிறகு வழிகண்டுபிடிக்க வேண்டிய புதிர். உள்ளே நுழையும்போது தேர்ந்தெடுக்கும் நட்சத்திரத்தின் பெயர் பெரும்பாலும் ஒரு குறிப்பு மட்டுமே. போகிற போக்கில் வேறொன்றை எடுத்தாலும் கணக்குதான். கடிகாரம் போய்விட்டது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் மிச்சம்: நட்சத்திரத்தை எடுத்ததும் ஆட்டம் மரியோவை ஓவியத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. நூறு நாணயம் சேர்த்து எடுக்கும் நட்சத்திரம் இதற்கு விதிவிலக்கு. அதை எடுத்த பின்னும் களத்திலேயே இருக்கலாம். 2017இல் முழு விதியாகப்போவதன் விதை இந்தச் சிறு விலக்கில் இருக்கிறது.

4. திரும்பி வந்த கம்பம்

2017 ஜனவரியில் சூப்பர் மரியோ ஒடிசியை அறிமுகப்படுத்தியபோது நின்டெண்டோவே, 64க்கும் 2002இன் சூப்பர் மரியோ சன்ஷைனுக்கும் பிறகு வரும் முதல் திறந்தவெளி மரியோ என்று அதைச் சொன்னது. என் அளவுகோலுக்கு அருகில் வரும் பாகுபாடு இது. ஆயினும் 64ஐயும் சன்ஷைனையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. சன்ஷைனிலும் 120 ஒளிச்சின்னங்கள் உண்டு. ஆனால் ஏழு முக்கிய இடங்களில் ஒவ்வொன்றிலும் ஏழாம் அத்தியாயம்வரை வரிசையாக முடித்தால்தான் கடைசிச் சண்டை. வேறெத்தனை சின்னம் சேர்த்தாலும் அது ஈடாகாது. பார்வைக்கு நட்சத்திரம், செயலில் வரிசையெண். 2007இன் சூப்பர் மரியோ கேலக்ஸி இன்னும் கோட்டுப் பக்கம் போனது. சிறுகோளின் மேல் நேராக நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம் என்பதால் வழிதவறும் அச்சமில்லை. ஆனால் ஒரு கோளிலிருந்து அடுத்ததற்கு எறியப்பட்டபின் பெரும்பாலும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. முப்பரிமாணம் கோளுக்குள்ளேயே அடங்கிவிட, கோள்களோ சரமாகக் கோக்கப்பட்டிருக்கின்றன.

2011இன் சூப்பர் மரியோ 3டி லேண்டில் கொடிக்கம்பமும் கடிகாரமும் வெளிப்படையாகவே திரும்பிவந்தன. அதன் இயக்குநர் கோய்ச்சி ஹயாஷிடா, கட்ட வடிவமைப்பை விளக்கும்போது அறிமுகம், வளர்ச்சி, திருப்பம், முடிப்பு என்ற நான்கு படி மரபைச் சுட்டியிருக்கிறார். ஒரு புதுப்பொருளை ஆபத்தில்லாத இடத்தில் காட்டி, கொஞ்சம் கடினமாக்கி, எதிர்பாராத விதத்தில் திருப்பி, தேர்ச்சியைக் காட்ட விட்டு முடிப்பது. இந்நான்கும் இந்த வரிசையில் வந்தால்தான் பொருள். எங்கிருந்தும் நுழைந்து எப்படியும் சுற்றக்கூடிய இடத்தில் மூன்றாம் படியை முதலில் சந்தித்துவிடலாம். ஆகவே கம்பத்தை வெறும் பழைய நினைவாகக் கொள்வது தவறு. படிப்படியாகக் கற்பிக்கும் வடிவமைப்புக்கு உறுதியான ஒரு முடிவு தேவைப்படுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: இவையெல்லாம் கருவியின் ஆற்றல் தந்த மாற்றங்கள்தானே? பதிவுசெய்யும் வசதி இல்லாமல் 96 முடிவுகள் சாத்தியமில்லை, நின்டெண்டோ 64 இல்லாமல் அந்தக் குன்றும் இல்லை என்பது சரியே. ஆனால் அந்த வாதப்படி, திறந்த இடம் கிடைத்தபின் கம்பம் திரும்பியிருக்கக் கூடாது. 2006இல் டி.எஸ். கருவியிலும், 2011இல் 3டி.எஸ். கருவியிலும் அது திரும்பியது. கருவி அனுமதி தருகிறது, காரணமாவதில்லை.

5. நிலவு: முடிவின் கனம் குறைதல்

கென்தா மோட்டோகுரா இயக்கி 2017 அக்டோபர் 27 அன்று வந்த ஒடிசியில், நட்சத்திரத்துக்குப் பதிலாக நிலவுகள். எண்ணிக்கை 999வரை ஏறும். பெரும்பாலான நிலவுகளை எடுத்தபின் மரியோ எடுத்த இடத்திலேயே நிற்கிறார். கைகள் ஓயாமல் அடுத்ததைத் தேடலாம். உயிர்க்கணக்கும் இல்லை, விழுந்தால் பத்து நாணயம் போகும். நியூ டாங்க் நகரில் பெஞ்சில் தனியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் ஒரு நிலவு கிடைக்கிறது. கடையில் காசு கொடுத்தும் வாங்கலாம். இடம் இதுவரை இல்லாத அளவு செறிவாகிறது. எந்த மூலையைத் துழாவினாலும் பலன். அதற்குக் கொடுக்கும் விலையும் வெளிப்படை: கம்பத்தின் உச்சியைப் பிடித்தபோது இருந்த கனம் எந்தத் தனி நிலவுக்கும் இல்லை. ஒடிசி இதை அறிந்தே கதையின் முக்கியத் திருப்பங்களுக்கு மும்மடங்கு நிலவை ஒதுக்கி, பெருங்கொண்டாட்டத்தோடு தருகிறது.

2023 அக்டோபர் 20 அன்று வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஒண்டர் இந்த விலையைக் குறைக்க இன்னொரு வழி கண்டது. கட்டத்தின் கடைசியில் கம்பம் உண்டு. பொதுவான கடிகாரம் இல்லை. நடுவே எங்கோ ஒரு அதிசயப்பூ. அதைத் தொட்டதும் இடத்தின் விதிகளே மாறுகின்றன. முதல் கட்டத்தில் குழாய்கள் உயிர்பெற்று நெளிகின்றன. அந்த அதிசயம் முடியும்போது ஒரு விதை, கம்பத்தை எட்டும்போது இன்னொரு விதை. வியப்பு தன் முடிவை நடுவிலேயே பெற்றுவிடுகிறது; ஓட்டம் தன் முடிவைக் கம்பத்தில் பெறுகிறது. வேர்ல்டில் ஒன்றுக்கொன்று மாற்றாக நின்ற இரு முடிவுகள், ஒண்டரில் ஒரே பயணத்தின் இரு இடங்களில் அடுத்தடுத்து வருகின்றன.

6. முடிவுரை

மரியோவின் உயிர் தாவலில் இருக்கிறது, ஆகவே ஒப்பீடும் அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பார் உண்டு. தாவல் எல்லா ஆட்டங்களிலும் இருப்பதால், அவை ஏன் ஒரே குடும்பம் என்பதை அது விளக்கும். அந்தத் தாவல் ஓர் ஆட்டத்தில் நேரத்தோடு போட்டியாகவும் இன்னொன்றில் இடத்தைத் துழாவும் கருவியாகவும் மாறுவது ஏன் என்பதை விளக்க முடிவுக்குறி தேவை.

அதன்படி 1985, 1988, 2007, 2011 ஆட்டங்கள் ஒரு பக்கம் சேர்கின்றன. 1990, 1996, 2017 மறுபக்கம். சன்ஷைனும் ஒண்டரும் இடையில் நிற்கின்றன. இந்தப் பட்டியலில் காலவரிசையோ பரிமாணமோ ஒழுங்காக அமையவில்லை என்பதே இதன் பயன். கோட்டிலிருந்து திறந்தவெளிக்கு நேராக வளர்ந்த வரலாறு என்று இவ்வரிசையைச் சொல்ல முடியாது. முடிவுக்குக் கனம் கூடினால் இடம் ஒருமுறை கடக்கும் பாதையாகிறது. இடம் செறிவானால் முடிவின் கனம் குறைகிறது. ஒவ்வோர் ஆட்டமும் இந்த இரண்டுக்கும் இடையே தன் பேரத்தை மறுபடி பேசியிருக்கிறது. எது சிறந்த மரியோ என்ற தீராத விவாதத்தில் இருதரப்பினரும் பெரும்பாலும் இந்தப் பேரத்தின் வெவ்வேறு முனைகளையே பிடித்துக்கொண்டு வாதிடுகிறார்கள்.