மடல் ஏறிய பெண்

எங்கள் ஊரான கூரத்தில் பனைமட்டை வெட்டியவர்களுக்குத் தெரியும், அதன் கருக்கு சதையைக் கிழிக்கும். அந்த மட்டையில் குதிரை செய்து ஏறுவேன், அதாவது மடலேறுவேன், என்பான் சங்கக் காதலன். குறுந்தொகை 182-இல் மடல் பாடிய மாதங்கீரனார் காட்டுபவன், குதிரைக்கு மணிமாலை பூட்டி, தான் எலும்பு அணிந்து, பிறர் எள்ள, நாணம் விட்டுத் தெருவில் வரத் துணிகிறான்.

பெண்ணுக்கு மடலேறுவதைத் தொல்காப்பியம் மறுத்தது, குறளும் மறுத்தது. திருமங்கையாழ்வார், அநேகமாக 8-ஆம் நூற்றாண்டில், அந்த விலக்கை உடைத்தார். அவரது பெரிய திருமடலில் பேசுபவள் திருமாலைக் காதலிக்கும் பெண். தமிழ் மரபான தென்னெறி தடுப்பதை அறிந்தே வடமொழி மரபான வடநெறியைப் பற்றுகிறாள். சீதை, உலூபி, பாணாசுரன் மகள் உஷை என விரும்பியவனை விடாதவர்களைச் சாட்சிக்கு அழைக்கிறாள்.

பாரதக் கதையில் வரும் உலூபி எங்கள் ஊருக்கு அந்நியள் அல்லள். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, இங்கிருந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்குகிறது. அப்படிக் கேட்டுப் பழகிய காதுகளுக்குத்தான் ஆழ்வார் பாடினார் என்று நான் நம்புகிறேன்.

சங்கத்து ஆண் தன் உடலை வருத்தி ஊரின் இரக்கத்தைக் கேட்கிறான். ஆழ்வாரின் பெண்ணோ கடவுளையே மிரட்டுகிறாள்: வராவிட்டால் உன் செயல்களையெல்லாம் ஊரறியச் சொல்வேன் என்கிறாள். இவள் துணிவே பெரிது. தமிழாசிரியர்களே, இரண்டு பாடல்களையும் ஒரே வகுப்பில் அருகருகே வைத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுங்கள்.