கல்கத்தாவில் இரண்டு நண்பகல்கள்

ஆங்கிலேயர் ஒருவரையொருவர் கண்டவுடன் கூறும் முகமன் கடிகாரத்தைப் பின்பற்றுவது. பொழுது புலர்ந்தது முதல் பகல் 12 மணி வரையில் ‘குட் மார்னிங்’. அதன்பின் மாலை ஐந்து, ஆறு மணி வரையில் ‘குட் ஆஃப்டர்நூன்’. பிறகு இரவு எத்துணை நேரமாயினும் காணும்போது ‘குட் ஈவினிங்’. ‘குட் நைட்’ என்பது விடைபெறும் சொல்லேயன்றி வரவேற்கும் சொல் அன்று. இதனை அறியாத நான், பணியேற்ற புதிதில், இரவு பத்து மணிக்கு மேற்பார்வைக்கு வந்த மேலதிகாரி ஒருவருக்குக் ‘குட் நைட்’ கூறி நின்றேன். “வந்தவுடனே வழியனுப்புகிறீரே!” என்று அவர் நகைத்தது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

மாலை எப்பொழுது தொடங்குகிறது என்பதில் ஐயம் எழலாம். நண்பகலில் ஐயம் ஏது என்று அன்பர்கள் வினவக்கூடும். ஆனால், நாம் வந்து குடியேறிய இம்மாநகரில் நண்பகலும் நெடுங்காலம் இரண்டாக இருந்தது என்பது வரலாறு.

கதிரவன் கிழக்கிலுள்ள ஊரில் முன்னரும் மேற்கிலுள்ள ஊரில் பின்னரும் உச்சியை அடைகின்றான். ஆதலின், முற்காலத்தில் ஊருக்கு ஒரு நேரம் வழங்கிற்று. புகைவண்டி வந்தபின் இம்முறை இடர் விளைத்தது. ஊருக்கு ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால அட்டவணை வகுப்பது எங்ஙனம்? ஆகவே, சென்னை வானாய்வுக் கூடத்து அறிஞர் ஜான் கோல்டிங்ஹாம் 1802-ஆம் ஆண்டில் கணித்து நிறுவிய சென்னை நேரத்தையே, பின்னாளில் இந்திய இருப்புப்பாதைகள் பொதுநேரமாகக் கொண்டன. நம்மில் பலருடைய முன்னோர் இங்கு வருமுன்னரே நமது சென்னையின் நேரம் ஹவுராவில் குடியேறிவிட்டது!

ஆயினும் நகரம் தன் நேரத்தை விடவில்லை. கிரீன்விச் நேரத்தினும் சென்னை நேரம் 5 மணி 21 நிமிஷமும், கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிஷமும் முற்பட்டவை. ஹவுராவில் 11-28 மணிக்குக் ‘குட் மார்னிங்’ கூறிப் பிரிந்தவர், ஹூக்ளியின் அக்கரையில் இருந்திருப்பின் ‘குட் ஆஃப்டர்நூன்’ கூறவேண்டியவரே!

1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியப் பொதுநேரம் வழக்கிற்கு வந்தது. அதன் பின்னும் கல்கத்தா 23 நிமிஷத்திற்கு மேற்பட்ட வேற்றுமையுடன் தன் நேரத்தைத் தனியே காத்து, விடுதலைக்குப் பின்னர் 1948-இல்தான் கைவிட்டது. இன்றும் இந்நகரில் கதிரவன் உச்சிக்கு வருவது, சராசரியாக, கடிகாரத்தில் 11-37 மணிக்கே. நாமோ பன்னிரண்டு அடிக்கும்வரை ‘குட் மார்னிங்’ என்கிறோம்.

நம் குழந்தைகள் பள்ளியிலும், இளைஞர் அலுவலகத்திலும் ஆங்கில முகமன்களை வேளையறிந்து பிழையின்றிக் கூறட்டும், அது நாகரிகம். ஆனால் ஹவுரா நிலையத்தின் பெரிய கடிகாரத்தடியில் ஊரிலிருந்து வரும் உறவினரை எதிர்கொள்ளும்போது, தலைநிமிர்ந்து மணி பார்க்க வேண்டுவதில்லை. லேக் மார்க்கெட்டில் எதிர்ப்படும் வங்காள அன்பரின் ‘நமஸ்கார்’ போலவே, நம் ‘வணக்கம்’ எவ்வேளைக்கும் உரியது. வேளையைக் கருதாது ஆளைக் கருதுவது அது.

அனைவர்க்கும் வணக்கம்.