தீர்ப்பு வந்த பின்னும் திறவாத பள்ளிகள்

உரிமை சட்டப் புத்தகத்தில் ஏறுவது ஒரு நாள். அது ஏழைப் பிள்ளையின் கைக்கு எட்டுவது பிறிதொரு நாள். இவ்விரு நாள்களுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கழியக்கூடும் என்பதை அமெரிக்க நாட்டின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

அடிமை முறை ஒழிந்தபின், 1868-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பில் 14-ஆவது திருத்தம் சேர்க்கப்பட்டது. எந்த மாநிலமும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவருக்கும் மறுக்கலாகாது என்பது அதன் கட்டளை. ஆயினும் தென் மாநிலங்கள் கறுப்பின மக்களை ஒதுக்கிவைக்கும் சட்டங்களை இயற்றின. லூசியானா மாநிலம் 1890-இல் இரயில் பெட்டிகளையும் பிரித்தது. 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாயிருப்பின் தனித்தனியே வைப்பது குற்றமன்று என்று கூறிவிட்டது. நீதிபதி ஹார்லன் ஒருவரே மாறுபட்டார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் 'தனி' என்பது மட்டும் நடைமுறையில் நின்றது. 'சமம்' ஏட்டளவில் கிடந்தது.

வர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தில், 180 மாணவர்க்கெனக் கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450 பேருக்கு மேல் நெருக்குண்டு பயின்றனர். தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளும் வகுப்பறைகளாயின. 1951 ஏப்ரல் 23 அன்று, பார்பரா ஜான்ஸ் என்னும் 16 வயது மாணவி முன்னின்று வகுப்புப் புறக்கணிப்பை நடத்தினாள். அதிலிருந்து எழுந்த வழக்கு, பிரௌன் வழக்கு எனப் புகழ்பெற்ற ஐந்து வழக்குகளுள் ஒன்று. 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது எனத் தீர்ப்பளித்தனர்.

ஆனால் அத்தீர்ப்பைச் செயற்படுத்தும் நாள் குறிக்கப்படவில்லை. அந்த இடைவெளியை எதிர்ப்பாளர் பயன்படுத்திக்கொண்டனர். வர்ஜீனியா அரசு தடைச் சட்டங்களை இயற்றியது. 1959-இல் பிரின்ஸ் எட்வர்ட் வட்டார நிர்வாகம், இரு நிறத்துப் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்துவதினும் மேல் என்று பொதுப்பள்ளிகள் அனைத்தையும் மூடியது. வெள்ளையர் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குச் சென்றனர். அவர்தம் கட்டணத்துக்குப் பொதுப்பணமும் வழங்கப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளுள் சிலர் வேற்றூர் உறவினர் இல்லம் சேர்ந்தனர். சிலர் மாதாகோவில்களில் நடந்த வகுப்புகளில் பயின்றனர். பலர்க்கு எழுத்தறிவே தடைப்பட்டது.

பள்ளியை எல்லார்க்கும் மூடினோமே, இதில் பாகுபாடு ஏது என்பது நிர்வாகத்தின் வாதம். 1964 மே மாதம் கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மாநிலத்தின் ஏனைய பள்ளிகள் திறந்திருக்க, இங்கு மட்டும் மூடிவிட்டு, வெள்ளையரின் தனிப்பள்ளிக்குப் பொதுப்பணம் தருவது சமப்பாதுகாப்பை மறுப்பதே என்றது. அவ்வாண்டிலேயே பள்ளிகள் திறந்தன. அதே ஆண்டு ஜூலையில் குடியுரிமைச் சட்டமும் நிறைவேறியது. பிரிவினையைக் கைவிடாத பள்ளிகளுக்கு நடுவண் அரசின் நிதியை நிறுத்த அச்சட்டம் வழிவகுத்தது. அதன்பின்னரே தென் மாநிலங்களில் மாற்றம் விரைவுற்றது.

2004-இல் வர்ஜீனியா அரசு, அன்று படிப்பிழந்தோர்க்கென உதவித்தொகைத் திட்டம் ஏற்படுத்தியது. அதற்குள் அவர்கள் முதுமையை நெருங்கிவிட்டனர். பணத்தைத் திருப்பித் தரலாம். பத்து வயதில் இழந்த வகுப்பறையை எவ்வாறு திருப்பித் தருவது?

கல்விப் பணியில் 25 ஆண்டுகள் நிறைவு காணும் நம் சங்கத்தார் இதனை நெஞ்சில் இருத்துதல் நன்று. தீர்ப்பும் சட்டமும் இன்றியமையாதன. எனினும் பள்ளிக் கதவு திறந்துள்ளதா, நம் பிள்ளை உள்ளே அமர்ந்துள்ளதா என நாள்தோறும் சென்று பார்க்கும் கண்கள் வேண்டும். அக்கண்கள் அயர்ந்தால் உரிமையும் உறங்கிவிடும்.