வேலூரின் காலி நாற்காலி

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. ஆம்பூரில் நான் ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு இயந்திரம்தான் இருந்தது. சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒன்று, மக்களவைக்கு ஒன்று என இரண்டு இருந்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பாட்டி, "இன்னொரு பெட்டி எங்க கண்ணு?" என்று கேட்டார். "அது ரத்தாயிடுச்சும்மா" என்றார் அலுவலர்.

ஆம்பூர் அடங்கிய வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தான செய்தி ஏப்ரல் 16 மாலை வந்தது. ஷூ கம்பெனியில் மேல்பாகம் (அப்பர்) தைத்து முடித்து, கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த மாதத் தொடக்கத்தில் காட்பாடிப் பக்கம் ஒரு சிமெண்ட் கிடங்கில் வருமான வரித்துறை 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடித்திருந்தது. தேர்தல் ஆணையம் பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்தார். பணத்துக்காக ஒரு மக்களவைத் தேர்தல் நின்றுபோனது நாட்டில் அதுதான் முதல் தடவை.

அதற்கு முன் சட்டமன்றத் தொகுதிகளில் நடந்திருக்கிறது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர். மூன்று இடத்திலும் மறுபடி தேர்தல் வைத்தபோது முக்கிய வேட்பாளர்கள் திரும்ப நின்றார்கள். வேலூரிலும் அப்படியே. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ பிரிவு இருக்கிறது. பணத்துக்கும் அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று ஆணையம் 2016-லேயே கேட்டது, கிடைக்கவில்லை.

எங்கள் தெருவில் ஓட்டுக்காகப் பணக் கவர் வாங்கியவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. குழுக்கடன் கட்டும் நாளில் கதவு தட்டுகிறவரிடம் நியாயம் பேச முடியாது. ஆனால் கவரின் விலை என்ன என்பதை அந்தக் கோடையில்தான் நான் கண்ணால் பார்த்தேன். மே மாதம் நாடு முழுக்க எண்ணி முடித்தார்கள். ஜூன் 17-ல் புதிய மக்களவை கூடியது. ஜூலை 5-ல் பட்ஜெட் வைத்தார்கள். ஜூலை 25-ல் மக்களவையில் முத்தலாக் மசோதா நிறைவேறியது. என்னோடு தைக்கும் பெண்களில் பாதிப்பேர் முஸ்லிம்கள். வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள், வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். இரு தரப்பின் சார்பாகவும் எழுந்து பேச வேலூருக்கு அங்கே ஆள் இல்லை. பணத்தைக் கட்டுக்கட்டாய் அடுக்கியவர்கள் யாராயினும், தண்டனையை அனுபவித்தவர்கள் நாங்கள். இதை நான் எங்கேயும் சொல்வேன்.

ஆகஸ்ட் 5-ல் மறுபடி வரிசையில் நின்றோம். அன்றைக்குத்தான் மாநிலங்களவையில் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கும் தீர்மானம் வந்தது. மறுநாள் அதை மக்களவையும் நிறைவேற்றிவிட்டுக் கூட்டத்தொடரை முடித்துக்கொண்டது. 9-ம் தேதி எங்கள் ஓட்டுகளை எண்ணினார்கள். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 8,141. எங்கள் உறுப்பினர் உட்கார வேண்டிய கூட்டத்தொடர் அதற்கு மூன்று நாள் முன்பே கலைந்திருந்தது.