விஸ்வநாத தாஸ்

விஸ்வநாத தாஸ் (16 ஜூன் 1886 – 31 டிசம்பர் 1940) சிவகாசியில் பிறந்த நாடக நடிகர், பாடகர். ஸ்பெஷல் நாடக மேடையில் பெயர்பெற்ற ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடக்காரர். பின்னாளில் திருமங்கலத்தில் குடியேறிய அவருக்கு அங்கே நினைவில்லம் உண்டு. மேடையில் தேசபக்திப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றதால் தியாகி என்றே அவரைக் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பட்டம் பொருத்தமானதே. ஆனாலும் அவர் என்ன தொழில் செய்தார், அது எப்படி நடந்தது என்பதை அது மறைத்துவிடுகிறது. அவருடைய அரசியலுக்கு வழிவிட்டது ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்புதான்.

கம்பெனி நாடகத்தில் முதலாளி, ஒத்திகை, மாதச் சம்பளம், மீற முடியாத பாடம் எல்லாம் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் எனத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவே மேடையேறுவார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் கதைகள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் இது சாத்தியமானது. கதை தெரிந்ததுதான், இடையில் எந்தப் பாட்டு வரும், தர்க்கம் எங்கே போகும் என்பது மட்டும் மேடையில்தான் தெரியும். 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் ராஜத்துரோக நாடகங்களைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. ஆனால் வள்ளி திருமணத்தின் கதையை எந்த அதிகாரி புரட்டினாலும் அதில் துரோகம் தென்படாது. தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் கட்டம் வந்ததும், முருகன் வேடத்தில் இருந்த தாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டை எடுப்பார். கொக்கு யாரென்று கொட்டகைக்கே தெரியும். போலீஸுக்கும் தெரிந்தது, கைதுகள் அதனால்தான்.

அந்தப் பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ், பெருமை அவருக்கல்லவா சேர வேண்டும் என்று கேட்கலாம். எழுத்துக்குரிய பெருமை அவருடையதே. ஜாலியன்வாலாபாக் படுகொலையைப் பற்றிய பாட்டும் அவர் எழுதியதுதான். ஆனால் அச்சில் இருக்கும் பாட்டைப் பறிமுதல் செய்துவிடலாம். வேடத்தோடும் கதையோடும் பிணைத்து அதை உரிய இடத்தில் இறக்குவது பாடகரின் வேலை. கூட்டம் சங்கீதத்துக்காக வந்தது, தேசத்துக்காக அல்ல என்பது இன்னொரு மறுப்பு. இதில் பெருமளவு உண்மை இருக்கிறது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கடைசி வரிசைவரை எட்டும் குரல்தான் ராஜபார்ட்டின் மூலதனம். நடிகர் செங்கோட்டை கிட்டப்பாவின் புகழும் அதன்மேல்தான் நின்றது. ஆனால் சங்கீதத்துக்கு வந்தவர்களே தாஸுக்கு வேண்டியிருந்தார்கள். காங்கிரஸ் கூட்டத்துக்கு வருபவர் ஏற்கனவே மனம் மாறியவர். முருகனைப் பார்க்க டிக்கெட் வாங்கியவர் அப்படியல்ல.

கம்பெனி இல்லாத இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜாமீனுக்கும் அபராதத்துக்கும் பின்னால் நிற்க முதலாளி இல்லை. சிறையில் கழிந்த மாதங்களுக்கு வருமானமும் இல்லை. சுதந்திரத்தைத் தந்த அதே முறை முழு விலையையும் ஒரே ஆளிடம் வசூலித்தது. சவரத் தொழில் செய்த மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதால் அவருடன் ஜோடி சேர மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். தனித்தனியாக ஒப்பந்தம் செய்யும் முறையில் அப்படி மறுப்பது எளிது. ஸ்பெஷல் நாடகத்தைச் சுதந்திரக் கலை என்று மட்டும் புகழ்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது, முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிய நிலையிலேயே தாஸின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 54. ராஜபார்ட் வேடத்தை அவர் விட்டிருக்கவில்லை.